ஒரே பேருந்து நிலையம், இரண்டு அவசரங்கள்

ஊர் பார்க்கப் போகிற எவருக்கும் கடைசி நாள் காலை என்று ஒன்று வந்தே தீரும். அறையைக் காலி செய்ய வேண்டிய நேரத்துக்கும் வண்டி பிடிக்க வேண்டிய நேரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இரண்டு மூன்று மணி நேரம் அது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று முதல் நாள் தள்ளிப்போட்டதெல்லாம் அன்றைக்கு விடிந்ததும் கடன்காரன் மாதிரி வாசலில் வந்து நிற்கும். வெனிஸுக்குப் போனவர் விமானத்துக்கு முன்னால் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு ஓடுவார். ஏற்காட்டுக்கு வந்தவர் சேலத்தில் ரயில் பிடிப்பதற்கு முன்னால் லேடீஸ் சீட்டுக்கு ஓடுவார். ஓட்டம் ஒன்றுதான்.

இந்த ஓட்டத்தைப் பற்றிப் பயணக் கட்டுரைகளில் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அதே காலையில், அதே ஏற்காடு பேருந்து நிலையத்தில் இன்னொரு கூட்டமும் அவசரத்தோடு வந்து இறங்குகிறது. மாரமங்கலம் போன்ற உள்மலை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கும் கையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். திரும்பிப் போகும் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்ற கவலை வேறு. ஒருவர் மலையைப் பார்த்து முடிக்க வந்தவர், மற்றவர் மலையில் பிழைப்பவர். இந்த இரண்டு காலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஏற்காடு என்ற ஊர் யாருக்காக, எப்படி அமைந்திருக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உள்ள உச்சி அதைவிடச் சுமார் நூறு மீட்டர் கூடுதல். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார். பேரிக்காயும் ஆப்பிளும் அவர் முயற்சியில் வந்தவையே. ‘கிரேஞ்ச்’ என்று இன்றும் அழைக்கப்படும் கோட்டை போன்ற மாளிகை அந்தக் காலத்து மிச்சம். காப்பியைத் தொடர்ந்து துரைமார்களின் பங்களாக்கள் வந்தன, தேவாலயம் வந்தது, கான்வென்ட் வந்தது, 1917-இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. கொஞ்ச காலத்துக்கு இந்த மலைமேல் ஐரோப்பியச் சிற்றூர் ஒன்று உட்கார்ந்திருந்தது என்றே சொல்லலாம்.

அதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே மலையில் இருந்தவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இன்னும் உண்டு. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்ற பட்டம் இருக்கும். ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் மாரமங்கலம் ஒன்று. தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய ஊராட்சி அது. எஸ்டேட் வேலிகளைத் தாண்டி உள்ளே போனால்தான் வரும். ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்க மாட்டார்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

முதலில் சுற்றுலா வந்தவரின் காலை. ஏற்காட்டில் அதற்கு எழுதாத அட்டவணை ஒன்று இருக்கிறது. ஏரிக்கரையில் வேன்காரர்கள் நிற்பார்கள். “சார், பத்து பாயிண்ட், ரெண்டரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துடறேன். செக் அவுட்டுக்குள்ள ரூம்ல விட்டுடறேன்” என்பார் ஒருவர். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட், ரோஜாத் தோட்டம், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, சேர்வராயன் கோயில் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். கேட்கும்போதே பாதி பார்த்துவிட்ட திருப்தி வந்துவிடும்.

பட்டியல் போட்டு ஊர் பார்க்கும் வழக்கம் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1836-இல் லண்டனில் ஜான் மரே பயணக் கையேடு வெளியிடத் தொடங்கினார். ஜெர்மனியில் பெடேக்கர் தம் கையேடுகளில், கட்டாயம் பார்க்க வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்தார். நேரமில்லாதவன் நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். 1841-இல் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டமாக ஆள் அழைத்துப் போனதிலிருந்து ஊர் பார்ப்பது கடிகாரத்தோடு கட்டிப்போட்ட காரியமாயிற்று. மலையேறி வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பழக்கத்தையும் தங்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகும் பட்டியல் போகவில்லை.

ஆனால் ஐரோப்பிய நகரத்துப் பட்டியலுக்கும் ஏற்காட்டுப் பட்டியலுக்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. வெனிஸிலோ ரோமிலோ கடைசி நேரத்தில் ஓடுகிறவன், ஊருக்குள்ளேயே ஓடுகிறான். தேவாலயம், பாலம், சந்தை, நீரூற்று எல்லாம் ஊரின் வயிற்றுக்குள் இருக்கின்றன. ஏற்காட்டின் பாயிண்டுகளோ பெரும்பாலும் மலையின் விளிம்பில் இருக்கின்றன. லேடீஸ் சீட்டில் நின்றால் தெரிவது ஏற்காடு இல்லை. கீழே சேலம், நெளிந்து ஏறிவரும் மலைப்பாதை, வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. பகோடா பாயிண்டில் கூம்பு கூம்பாக அடுக்கிய பழங்கற்களும் ராமர் கோயிலும் இருக்கின்றன. அங்கிருந்தும் பார்வை போவது கீழே அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம்தான். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி மாலையில் வந்து உட்கார்ந்திருப்பாளாம், அதனால் லேடீஸ் சீட் என்பார்கள். கதை உண்மையோ பொய்யோ, சமவெளியின் வெக்கைக்குத் தப்பி மேலே வந்தவள் அந்தச் சமவெளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது வேடிக்கையாக இல்லையா? இருநூறு ஆண்டுகளாக ஏற்காட்டுக்கு வந்தவர்கள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மலையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வேன்காரரின் பட்டியலில் நேரக் கணக்கும் கிடையாது. லேடீஸ் சீட் மாலைக்கும் இரவுக்கும் உரிய இடம். சூரியன் அந்தப் பக்கம் இறங்கும், இருட்டியதும் சேலத்து விளக்குகள் எரியத் தொடங்கும். காலை ஏழு மணிக்குப் போனால் அனேகமாக மூடுபனிதான் கிடைக்கும். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், வெள்ளைத் திரைக்கு முன்னால் குடும்பம் நிற்கும். காலைக்கு ஏற்றது பகோடா பாயிண்ட், சூரியன் உதிப்பது அந்தப் பக்கம். கிளியூர் அருவியும் இப்படித்தான். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அருவியில் தண்ணீர். கோடையில் போனால் ஈரப் பாறையைப் பார்ப்பதற்காகப் படிகளில் இறங்கி மூச்சுவாங்க ஏறி வர வேண்டும், அதற்குள் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் தாண்டிவிடும். அவசரத்தில் இருப்பவனுக்குத்தான் எது எந்த நேரத்தில் பார்க்கத் தகுந்தது என்ற தகவல் அதிகம் தேவை. அவனுக்கு அது கிடைப்பதே இல்லை.

பட்டியலில் இல்லாத ஓரிடத்தைச் சொல்கிறேன். ஊருக்குள்ளேயே இருக்கும் பரிசுத்தத் திரித்துவ ஆலயம். சின்னக் கட்டடம். வேன் அங்கே நிற்காது. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863-இல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்திய மண்ணில் மனிதனின் வயதைப் பின்னுக்குத் தள்ளிய ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார்; அவருடைய அஸ்தி இந்த ஆலயத்துக்கு வந்தது. அவருக்குப் பெண் கொடுத்த மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழ் நடத்தியவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவர். அவரும் 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார். தமிழனுக்கு இவ்வளவு நெருக்கமான இரண்டு ஐரோப்பியர்கள் ஒரே மலையில் அடங்கியிருக்க, நாம் ஜென்ட்ஸ் சீட்டில் வெள்ளரிக்காய்க்கு மிளகாய்த் தூள் தூவிக்கொண்டிருக்கிறோம். வெள்ளரிக்காயின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஃபூட்டைப் பற்றி இங்கே பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தவர் இல்லை. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளைச் சேகரித்தார். மலைவாசிகள் நிலத்தில் கிடைத்த அந்தக் கற்களைப் பொறுக்கிவந்து பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கிவந்தார்கள். அவர் திரட்டிய கற்கருவிகளின் பெருந்தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. ஆக, இந்த மலையின் மிகப் பழைய சரித்திரம் எந்தப் பாயிண்டிலும் இல்லை. உள்மலையில், மரத்தடிப் பிள்ளையாரின் காலடியில் இருந்தது.

இனி இரண்டாவது காலை.

மாரமங்கலத்துக்காரரின் நாள் இருட்டோடு தொடங்கிவிடும். பேருந்து நிற்கும் இடத்துக்குச் சில சிற்றூர்களிலிருந்து நடந்து வர வேண்டும். பேருந்தில் யார் யார் இருப்பார்கள் என்று பார்த்தாலே போதும். மேல்வகுப்புப் பிள்ளைகள், எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண், முதியோர் உதவித்தொகை ஏன் நின்றுபோயிற்று என்று கேட்கப் போகும் கிழவி, மடித்த மனுவைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையால் அழுத்திக்கொண்டிருக்கும் ஆள். இருக்கைக்குக் கீழே மூட்டை இருக்கும். காப்பிப் பருவமென்றால் காப்பி, தை மாசி என்றால் மிளகு, வைகாசி ஆனி என்றால் பலாப்பழம். பலாப்பழத்தின் வாசனை ஏற்காடு வரை கூடவே வரும்.

இவர்கள் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம், அரசு மருத்துவமனை, வங்கி, உரக்கடை, மளிகைக்கடை. ஏற்காட்டைப் பற்றி அச்சான எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இந்த இடங்கள் இருக்காது. ஆனால் மலை முழுவதற்கும் ஏற்காடுதான் வட்டத் தலைநகர். அந்த அலுவலகங்களுக்காகவே அந்த ஊர் தேவைப்படும் ஆட்கள், ஏரியில் படகு ஓட்ட வருகிறவர்களுக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு தொல்லை, எதுவும் விடிகாலையில் திறப்பதில்லை. அலுவலகமும் வங்கியும் பத்து மணிக்கு. டாக்டர் வருவதற்கு முன்பே சீட்டு வாங்கும் வரிசை நீண்டுவிடும். பத்து மணிக்குத் திறக்கும் இரண்டு இடங்களில் எதற்கு முதலில் போவது? வங்கிக்குப் போனால் தாசில்தார் ஆபீசில் வரிசை சேர்ந்துவிடும், அங்கே போனால் வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இந்தக் கணக்கைப் போடுவதில் மாரமங்கலத்துப் பெண்களுக்கு இருக்கும் சாமர்த்தியம், பத்து பாயிண்டை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் வேன்காரருக்குக்கூடக் கிடையாது. இரண்டு பேராக வந்து ஆளுக்கொரு வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது ஒருத்தி இருவருடைய பைகளையும் காத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பாள்.

சாதிச் சான்றிதழ் என்றால் கதை ஏற்காட்டோடு முடியாது. பழங்குடியினர் சான்றிதழ் கொடுப்பது கோட்டாட்சியர். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடலாம், ஆனால் விசாரணை, விளக்கம் என்று கூப்பிட்டால் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் சேலம் பேருந்தில் ரயிலைப் பிடிக்கப் போகிற சுற்றுலாக் குடும்பத்துக்குப் பின் இருக்கையில், பெண்ணின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் வாங்கப் போகிற அப்பா உட்கார்ந்திருப்பார். இருபது வளைவும் இருவருக்கும் பொது. ஆஸ்பத்திரியிலிருந்து ‘சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதே வளைவுகள் வேறு மாதிரி நீளும்.

மிளகு மூட்டையோடு வந்தவரை ஒரு கடையில் கொஞ்ச நேரம் கவனித்திருக்கிறேன். வியாபாரி சாக்கின் வாயைப் பிரித்து, மேலே இருப்பதைத் தொடாமல் முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். ஈரமான சரக்கை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பும் வித்தையெல்லாம் அவருக்குத் தெரியாததா? உள்ளங்கையில் பரப்பி ஊதினார், தூசும் சண்டும் பறந்தன. இரண்டு மணியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தார். நறுக்கென்று உடைய வேண்டும், அழுந்தினால் ஈரம்.

“கவுண்டரே, இன்னும் ரெண்டு வெயில் காயணுமே.”

“காயத்தானுங்க போட்டோம். முந்தாநாளு மப்பு போட்டுருச்சு. இனிமே திருப்பி எடுத்துட்டுப் போயி காய வெச்சு எடுத்தாறதுன்னா பஸ்ஸுக்கே ஆவாதுங்க.”

இவ்வளவுதான் பேச்சு. விலை அங்கேயே விழுந்துவிட்டது. மிளகில் ஈரம் இருந்ததும் உண்மை, திரும்பிப் போகப் பேருந்துக்கு நேரமானதும் உண்மை. வியாபாரி முதல் காரணத்தைச் சொன்னார், விலையைக் குறைத்ததில் இரண்டாவதற்கும் பங்கு உண்டு. சொந்த ஊரில் களமும் இருப்பு வைக்க இடமும் இரண்டு நாள் காத்திருக்கத் தெம்பும் உள்ள எஸ்டேட்காரருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

அதே மிளகு அன்றைக்கு மத்தியானமே ஏரிக்கரைக் கடைகளில் ஒன்றுக்குப் போயிருக்கலாம். அங்கே நூறு கிராம் பாக்கெட்டில் ‘ஏற்காடு மலை மிளகு’ என்று தொங்கும். கடைசிக் காலையில் சுற்றுலாக்காரர் செய்யும் கடைசிக் காரியம் அதை வாங்குவது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், விலை பேச நேரம் இருக்காது, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஏறுவார். விற்றவருக்கும் அவசரம், வாங்கியவருக்கும் அவசரம். இடையில் நின்றவர் மட்டும் நிதானமாக இருந்தார். இரண்டு காலைகளும் நேராகத் தொட்டுக்கொள்கிற இடம் இந்த மிளகு ஒன்றே, அங்கேயும் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

இரண்டு அவசரமும் ஒன்று போலத் தெரிந்தாலும், தவறிப்போனால் என்ன ஆகும் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பகோடா பாயிண்ட் விட்டுப்போனால் ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று ஒரு வார்த்தை போதும். ஊருக்குப் போய்ச் சொல்லும்போது அதுவே சுவையான பேச்சாகவும் ஆகிவிடும். மாரமங்கலத்துக்காரருக்கு ஒரு கையெழுத்து விட்டுப்போனால் இன்னொரு நாள் கூலி போயிற்று, இன்னொரு முறை பஸ் செலவு. சுற்றுலாக்காரர் தம் அவசரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர். ஒரு நாள் கூடுதலாகத் தங்கியிருந்தால் அது இல்லை. மற்றவருக்கு அதைப் பேருந்து அட்டவணையும் அலுவலக நேரமும் சேர்ந்து உண்டாக்கிக் கொடுத்திருக்கின்றன. மாலையில் இன்னுமொரு பேருந்து ஓடினால் அவருடைய பாதி அவசரம் தீர்ந்துவிடும், மிளகு விலையும் கொஞ்சம் ஏறும். நான் இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் அந்தச் சாக்கின் முன்னால் ஒரு காலை நின்று பார்க்கலாம்.

இருந்தும் ஏற்காட்டைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் சொல்ல இருக்கிறது. அதற்கு வெனிஸ் வரை போய்வர வேண்டும்.

வெனிஸின் பழைய தீவு நகரத்தில் 1951-இல் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர் வரை குடியிருந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் 2008-இல் தம் கடைக் கண்ணாடியில் ஓர் எண் பலகையை வைத்தார். ஊரில் இன்றைக்கு எத்தனை பேர் மிச்சம் என்பதை அது காட்டிக்கொண்டே இருக்கிறது. காய்கறிக்கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கும் கடை வந்தது, வீடு இருந்த இடத்தில் வாடகை அறை வந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய பயணக் கப்பல்கள் ஊரின் நடுவே ஜூடெக்கா கால்வாய் வழியாக வருவதைத் தடை செய்தார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் நாட்களில், தங்காமல் ஒரு பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணமும் வாங்கத் தொடங்கினார்கள். சுற்றுலாக்காரரின் பட்டியல் ஊர்க்காரரின் பட்டியலைத் தின்றுவிட்ட ஊர் அது. சான் மார்க்கோ சதுக்கத்தில் கடைசிக் காலையில் ஓடுகிறவன், மற்ற ஓடுகிறவர்களைத்தான் இடித்துக்கொள்கிறான்.

ஏற்காடு இன்னும் அப்படி ஆகவில்லை. சாலையோரம் ரிசார்ட்டுகள் பெருகுகின்றன, தனியார் கார்கள் வார இறுதியில் ஏரியைச் சுற்றி முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானபோது, அடுத்து நம்முடைய ஊர்தானோ என்ற பேச்சு இங்கேயும் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் உள்மலைக்காரர்கள்தான் பெரும்பான்மை. தாசில்தார் ஆபீஸ் வாசலிலும் உரக்கடையிலும் அவர்கள்தான். ஊர் அவர்களுக்குத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது, எரிச்சலோடும் தாமதத்தோடும் என்றாலும்.

அப்படியென்றால் கடைசிக் காலையை மாரமங்கலத்தில் செலவழிக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். என்னிடம் கேட்டவர்களும் உண்டு. நான் பாதிதான் ஆமோதிப்பேன். போகும் வழி அழகானது, அதில் சந்தேகமில்லை. நெட்டுக்குத்தாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடி. கோடையின் முதல் மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பி பூத்துவிடும். அந்த இரண்டு மூன்று நாட்களில் போகிறவர் கொடுத்துவைத்தவர், மல்லிகைக்குப் பக்கத்து வாசனை வழியெல்லாம் வரும். தோட்டக்காரர்கள் அந்த மழையைப் பூ மழை என்பார்கள். ஊருக்குள் வீட்டு வாசல்களில் தார்ப்பாய் விரித்துக் காப்பி காய்ந்துகொண்டிருக்கும். சாமையும் ராகியும் போட்ட கொல்லைகள் தெரியும். எல்லாம் சரி. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும் வேன் ஒன்று மாரமங்கலத்துக்கும் ஓட ஆரம்பித்தால், அது பதினோராவது பாயிண்ட் ஆகிவிடும். காய வைத்த காப்பியின் மேல் கால் வைத்துப் படம் எடுப்பார்கள். பழங்குடி ஊர் என்று சொல்லி ஆட்களையே காட்சிப் பொருளாக நிறுத்துவார்கள். போகிறவர்கள் அந்த ஊர்ப் பேருந்தில் போய், அது திரும்பும் வரை இருந்து, அதிலேயே வரட்டும். அந்தப் பேருந்தின் நேரம் அவர்களுடைய செக் அவுட்டுக்கு ஒத்துவராது என்பதுதான் அந்த ஊருக்கு இப்போதைக்கு இருக்கும் பாதுகாப்பு.

இரண்டு பட்டியலிலும் பெயர் உள்ள இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது: சேர்வராயன் கோயில். வேன்காரர் அதை ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வைத்திருப்பார். மலையுச்சி மேசைபோல் தட்டையாக விரிந்திருக்கும். அலுமினியத்துக்கான பாக்சைட் தாது நிறைந்த செம்மண். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பல காலம் அதை வெட்டி எடுத்தார்கள். கோயில் ஒரு குகை. தலை குனிந்து, தோளை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஈரம் கசியும் பாறைக்கு நடுவில் சேர்வராயனும் காவேரி அம்மனும் விளக்கொளியில் இருக்கிறார்கள். குகை நெடுந்தூரம் உள்ளே போகிறது என்பார்கள். கடைசிக் காலையில் வருகிறவர்கள் வரிசையில் நுழைந்து, விபூதி வாங்கிக்கொண்டு, வெளியே வந்து, அந்தத் திடலில் நின்று காற்று வாங்கிவிட்டு வேனுக்கு ஓடுவார்கள். பத்து நிமிடம்.

மலைக்காரர்களுக்கோ சேர்வராயன் இந்த மலைக்கே சொந்தக்காரர். மே மாதம் நடக்கும் திருவிழாவுக்கு ஊர் ஊராகப் புறப்பட்டு வருவார்கள். தாசில்தார் ஆபீசுக்கு வந்த அதே கிழவி அன்றைக்குப் புதுப் புடவையில் பேரப் பிள்ளைகளோடு வருவாள். அன்றைக்கு எந்த வரிசையும் அவளை அவசரப்படுத்தாது. கடை பார்ப்பாள், வளையல் பார்ப்பாள், தெரிந்தவர்களை நிறுத்திப் பேசுவாள், சோற்று மூட்டையை அவிழ்த்துத் திடலில் உட்காருவாள். ஏற்காட்டுக்கு வேடிக்கை பார்க்க வருகிற ஆள் அன்றைக்கு அவள்தான். அதே மே மாதத்தில்தான் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். கூட்டம் தாங்காமல், ஏறுகிற வண்டிகளைச் சேலம் பாதையிலும் இறங்குகிறவற்றைக் குப்பனூர் பாதையிலும் திருப்பிவிட்ட ஆண்டுகள் உண்டு. அப்படியொரு திருவிழா நாளைத் தம் கடைசிக் காலையாக வைத்துக்கொண்டு வந்த குடும்பத்தின் வேன் கோயிலுக்கு வெகு முன்பே நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இன்னைக்கு அவங்க நாள் சார், வண்டி மேல போகாது” என்று சொல்லித் திருப்புவார்.